மூன்று நாடுகள் அழைத்த பயிற்றுவிப்பாளர்

தேக்கா நிலையத்திலிருந்து சிராங்கூன் சாலை வழியாக நடந்து, சையது ஆல்வி சாலையில் திரும்பி, சற்று தூரம் சென்றால் ஜாலான் புசார் விளையாட்டரங்கம் வந்துவிடும். ஏறக்குறைய இருபது நிமிட நடை. இன்று அங்கு செயற்கைப் புல்தரை இருக்கிறது. மாலை வேளைகளில் விளக்குகள் எரிகின்றன. 1929ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட அரங்கம் அது. 1973இல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் வரும் வரை சிங்கப்பூர்க் காற்பந்தின் முதன்மை மேடை ஜாலான் புசார்தான். நம் தாத்தாக்கள் பலர், தேக்காவில் வேலை முடித்துவிட்டு நடந்தே போய் ஆட்டம் பார்த்த காலம் அது.

அந்தக் காலத்தைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டால் ஆட்டக்காரர்களின் பெயர்களைத்தான் முதலில் சொல்வார்கள். டோலா காசிம், குவா கிம் சாங், சமத் அல்லாபிச்சை, எஸ். ராஜகோபால் என்று பட்டியல் நீளும். அவர்களையெல்லாம் ஓட வைத்தவர் யார் என்று கேட்டால் ஒரே பெயர்தான் வரும்: அங்கிள் சூ. சூ செங் குவீ என்பது அவரது முழுப்பெயர்.

சிங்கப்பூர், இந்தோனீசியா, மலாயா ஆகிய மூன்று தேசிய அணிகளுக்கும் பயிற்றுவிப்பாளராக இருந்தவர் சூ. ஐரோப்பாவிலிருந்து பயிற்றுவிப்பாளர்களை வரவழைப்பதையே ஆசிய நாடுகள் பெருமையாக நினைத்த காலத்தில், இந்தச் சின்னத் தீவிலிருந்து ஒருவரை அண்டை நாடுகள் தேடி அழைத்தன. அவருடைய சொந்த ஊரோ அவரை அழைப்பதும் அனுப்புவதுமாக இருந்தது. கடைசியாக அழைத்தபோது அவர் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்தார். அதற்கு அவர் கொடுத்த விலை மிகப் பெரியது.

இனவாரியாகப் பிரிந்திருந்த ஆட்டம்

சூ 1914ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி பிறந்தார். பிரிட்டிஷ் ஆட்சிக்கால சிங்கப்பூரில் காற்பந்தும் சமூகவாரியாகப் பிரிந்தே கிடந்தது. ஐரோப்பியர்களுக்கு அவர்களுடைய மன்றம். சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் தனித்தனிச் சங்கங்கள், தனித்தனி அணிகள். இளைஞரான சூ சீனச் சமூகத்தின் அணிகளில் விளையாடிப் பெயர் பெற்றார்.

எல்லாச் சமூகத்தினரும் ஒன்றாக ஆர்ப்பரிக்க ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. 1921இல் தொடங்கிய மலாயா கிண்ணப் போட்டிதான் அது. பின்னாளில் மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறிய இந்தப் போட்டியில், மலாயாவின் மாநிலங்களோடு சிங்கப்பூரும் மோதியது. முதல் ஆண்டிலேயே கிண்ணத்தை வென்றது சிங்கப்பூர்தான். சூவின் இளமைக்காலம் முழுக்க, 1930களில், சிங்கப்பூர் அதைப் பலமுறை வென்றது. அந்தக் கிண்ணம் இங்கு இருப்பதுதான் இயல்பு என்ற எண்ணத்தோடு வளர்ந்த தலைமுறை அவருடையது.

1942இல் ஜப்பானியப் படை சிங்கப்பூரைக் கைப்பற்றியது. சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பிரித்தெடுத்த ‘சூக் சிங்’ கொடுமையின்போது, ஜாலான் புசார் வட்டாரமும் ஒரு சோதனை மையமானது. அங்கிருந்து லாரிகளில் ஏற்றப்பட்ட பலர் வீடு திரும்பவில்லை. ஆட்டம் பார்க்கக் கூட்டம் கூடிய பகுதியில் உயிருக்குப் பயந்து மக்கள் காத்துக் கிடந்தார்கள். மலாயா கிண்ணப் போட்டி 1948இல்தான் மீண்டும் நடந்தது. ஓர் ஆட்டக்காரருக்கு 27 வயது முதல் 30 வயது வரையிலான ஆண்டுகள்தான் மிகச் சிறந்தவை. சூவுக்கு அந்த ஆண்டுகள் ஜப்பானியர் ஆட்சியில் போயின. போருக்குப் பிறகு அவருடைய கவனம் ஆடுவதிலிருந்து ஆட வைப்பதற்கு மாறியது.

ஜகார்த்தா அழைத்தது

1951இல் இந்தோனீசிய தேசிய அணியின் பயிற்றுவிப்பாளரானார் சூ. அப்போது அவருக்கு வயது 36. டச்சுக்காரர்களிடமிருந்து போராடி விடுதலை பெற்ற இந்தோனீசியாவின் இறையாண்மை அங்கீகரிக்கப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. பல தீவுகள், பல மொழிகள், பல இனங்கள் கொண்ட நாடு அது. அத்தனை பேரையும் ஒரே சட்டையில் களமிறக்கும் வேலை வெளியூர்க்காரரான சூவிடம் வந்தது.

அந்த ஆண்டு மார்ச் மாதம் புதுடெல்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. காற்பந்தில் கலந்துகொண்டவை ஆறே அணிகள். சூவின் இந்தோனீசியா முதல் ஆட்டத்திலேயே இந்தியாவைச் சந்தித்து 3-0 என்று தோற்றது. இந்திய அணியின் பயிற்றுவிப்பாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் சையது அப்துல் ரஹீம். இந்தியா இறுதியாட்டத்தில் ஈரானை வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அன்று இரு பக்கமும் ஆசியப் பயிற்றுவிப்பாளர்களே இருந்தார்கள் என்பதை இன்று திரும்பிப் பார்க்கும்போது ஆச்சரியமாக இருக்கிறது.

சூ 1953 வரை இந்தோனீசியாவில் இருந்தார். அவருக்குப் பின் யூகோஸ்லாவியாவின் ஆன்டன் போகாச்னிக் அந்தப் பொறுப்புக்கு வந்தார். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தோனீசியா, பலம்வாய்ந்த சோவியத் அணியைக் கோல் எதுவும் போடவிடாமல் சமநிலையில் நிறுத்தி உலகை வியக்க வைத்தது. அந்தப் பெருமை போகாச்னிக்குக்கும் அவருடைய ஆட்டக்காரர்களுக்கும் உரியது. ஆனாலும் ஒரு புதிய நாட்டின் அணிக்குத் தொடக்க ஆண்டுகளில் ஒழுங்கைக் கற்றுத்தந்தவர்களுள் சூவும் ஒருவர் என்பதை மறந்துவிட முடியாது.

பின்னர் மலாயா அணியும் அவரை அழைத்தது. 1957இல் விடுதலை பெற்ற மலாயா, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஆண்டுதோறும் அனைத்துலகக் காற்பந்துப் போட்டி நடத்தத் தொடங்கியது. 1958, 1959 ஆகிய ஆண்டுகளில் மலாயாவே அந்தப் போட்டியை வென்றது. 1960இல் தென்கொரியாவோடு வெற்றியைப் பகிர்ந்துகொண்டது. மலாயாக் காற்பந்து தலைநிமிர்ந்த அந்தக் காலக்கட்டத்தோடு சேர்த்தே சூவின் பெயர் பேசப்படுகிறது. அதே மெர்டேக்கா அரங்கில், பல ஆண்டுகள் கழித்து, அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய இரவு காத்திருந்தது.

வீட்டோடு ஓயாத சண்டை

வெளிநாடுகளில் மதிக்கப்பட்ட சூவுக்குச் சொந்த மண்ணில் பாதை சீராக இல்லை. சிங்கப்பூர் அணியின் பொறுப்பை அவர் பலமுறை ஏற்றார். பலமுறை விட்டுப் பிரிந்தார். அதிகாரிகளோடு அவருக்குக் கருத்து வேறுபாடுகள் வந்துகொண்டே இருந்தன. அணியில் யார் ஆட வேண்டும், எப்படிப் பழக வேண்டும் என்பதில் அவர் வளைந்து கொடுக்கவில்லை. மேசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குப் பிடித்ததைச் சொல்லும் கலை அவருக்கு வரவில்லை.

அதற்காக எல்லாத் தவற்றையும் அதிகாரிகள் பக்கம் தள்ளிவிடுவதும் நியாயமல்ல. அவர் பிடிவாதக்காரர். கண்டிப்புக்குப் பெயர் போனவர். நீண்ட முடி வளர்ப்பது நாகரிகமாக இருந்த 1970களில் முடியைக் கத்தரிக்கச் சொன்னவர். நேரம் தவறினால் பொறுத்துக்கொள்ளாதவர். பயிற்சியின்போது ஆட்டக்காரர்களை ‘மாஜுலா சிங்கப்பூரா’ பாடச் சொல்வார். மனமில்லாமல் முணுமுணுத்தால் விடமாட்டார். இந்தப் பழக்கத்தைப் பற்றி அவருடைய ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே பேசியிருக்கிறார்கள். ஆடும்போது எந்தச் சட்டைக்காக ஆடுகிறோம் என்பது நினைவில் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். சிங்கப்பூர் தனி நாடாகிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது.

இன்னொரு பக்கமும் இருந்தது. அவரை ஆட்டக்காரர்கள் பயிற்றுவிப்பாளர் என்று அழைக்கவில்லை, அங்கிள் என்றே அழைத்தார்கள். அந்நாளில் தேசிய அணி ஆட்டக்காரர்களுக்குக் காற்பந்து முழுநேரத் தொழிலன்று. பகலில் வேலை, மாலையில் பயிற்சி. களைத்துப் போய் வருபவர்களை இன்னும் ஓடு என்று சொல்ல, அவர்கள்மீது உண்மையான அக்கறை உள்ளவரால்தான் முடியும். 1966இல் ஆசிய நட்சத்திர அணிக்குத் தேர்வான மஜீத் அரிஃப் உட்பட, பல தலைமுறை இளைஞர்கள் அவரிடம் பாடம் கற்றார்கள்.

காலாங் முழக்கம்

1965இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற சிங்கப்பூர், அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அதைத் தொடவே இல்லை. 1974இல் உள்ளூர் ஆட்டங்கள் ஜாலான் புசாரிலிருந்து காலாங் தேசிய விளையாட்டரங்குக்கு மாறின. 55,000 பேர் அமரக்கூடிய அந்த இடம் நிறையுமா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். இந்த மாற்றத்துக்குப் பின்னால் நின்றவர் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் நடேசன் கணேசன். அரங்கம் நிறைந்தது. அந்தக் கூட்டம் எழுப்பிய ஒலிதான் காலாங் முழக்கம் என்று பெயர் பெற்றது.

கூட்டம் வந்தது, கிண்ணம் வரவில்லை. 1975 இறுதியாட்டத்தில் சிலாங்கூரிடம் 1-0 என்றும், 1976இல் மீண்டும் அதே சிலாங்கூரிடம் 3-0 என்றும் சிங்கப்பூர் தோற்றது. வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளர்களை முயன்று பார்த்துவிட்ட நிலையில், கணேசன் திரும்பிப் பார்த்தது 60 வயதைத் தாண்டிவிட்ட சூவை. எளிதான முடிவாக அது இருந்திருக்க முடியாது. சூவின் திறமை எல்லாருக்கும் தெரியும், அவருடைய கோபமும் எல்லாருக்கும் தெரியும்.

1977ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று சிங்கப்பூரில் நடந்தது. ஹாங்காங், மலேசியா, இந்தோனீசியா, தாய்லாந்து ஆகிய அணிகள் காலாங்குக்கு வந்தன. சிங்கப்பூர் தாய்லாந்தை 2-0 என்று வென்றது. மலேசியாவை 1-0 என்று வென்றது. கடைசிப் பிரிவு ஆட்டத்தில் இந்தோனீசியாவிடம் 4-0 என்று நொறுங்கியது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குமுன் சூ பயிற்சி கொடுத்த அதே நாடு. ஆனாலும் பிரிவின் இறுதியாட்டத்துக்குச் சிங்கப்பூர் முன்னேறியது. மார்ச் 12ஆம் தேதி ஹாங்காங்கிடம் ஒரே ஒரு கோலில் அந்தக் கனவு முடிந்தது.

இப்படி ஒரு தோல்விக்குப் பிறகு ஓர் அணி சோர்ந்துபோவது இயல்பு. இரண்டரை மாதங்களில் இந்த அணி மீண்டும் ஓர் இறுதியாட்டத்தில் நின்றது. 1977 மே 28, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம், எதிரே பினாங்கு. ஆட்டம் 90 நிமிடத்தில் முடியவில்லை. கூடுதல் நேரத்தில் குவா கிம் சாங்கின் கோலால் சிங்கப்பூர் 3-2 என்று வென்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியக் கிண்ணம் வீடு திரும்பியது.

அந்த அணியின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அணித்தலைவர் சமத் அல்லாபிச்சை. தாக்குதலில் டோலா காசிம், குவா கிம் சாங். வளைந்து செல்லும் உதைகளுக்குப் புகழ்பெற்ற எஸ். ராஜகோபால். சமூகவாரியாகப் பிரிந்து கிடந்த காற்பந்தில் வளர்ந்த சூ, தம் கடைசி அணியில் எல்லாரையும் ஒன்றாக நிறுத்தி ஒரே பாட்டைப் பாட வைத்திருந்தார்.

அவர் கொடுத்த விலை

சூ நீரிழிவு நோயாளி. அணியைத் தயார்செய்த நாள்களில் அவருடைய காலில் தொற்று ஏற்பட்டது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் குறைந்துவிடும். சிறு புண்கூட ஆறாமல் அழுகத் தொடங்கலாம். உடனே கவனித்திருக்க வேண்டியதை அவர் தள்ளிப்போட்டார். அணியை விட்டுவிட்டு மருத்துவமனையில் படுக்க அவருக்கு மனம் வரவில்லை. முடிவில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. வாழ்நாள் முழுவதும் ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று மற்றவர்களை ஓட வைத்தவர், கடைசியில் தாம் நிற்கும் காலையே இழந்தார்.

1983 ஜூன் 30ஆம் தேதி, 68ஆம் வயதில், சூ செங் குவீ காலமானார். 2008இல் அவருடைய கதை ‘காலாங் ரோர்’ என்ற திரைப்படமாக வந்தது. சூவாக நடித்தவர் லிம் கே சியூ. அதைத் தவிர, நம் வயதினருக்கு அவரை நினைவூட்ட அதிகம் எதுவும் இல்லை. பள்ளிப் பாடங்களில் நாட்டை உருவாக்கியவர்களைப் பற்றிப் படிக்கிறோம். துறைமுகம், வீடமைப்பு, தண்ணீர் எல்லாம் வருகின்றன. ஆயிரக்கணக்கான மக்கள் ஒரே நேரத்தில், ஒரே காரணத்துக்காக எழுந்து நின்று கத்தியதும் நாடு உருவான கதையின் ஒரு பகுதிதான்.

இதில் நமக்கு என்ன?

சூவின் வாழ்க்கையை அர்ப்பணிப்பு என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிப் பாராட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால், அது மாணவர்களாகிய நமக்குத் தவறான பாடத்தைத் தந்துவிடலாம். தேர்வுக்காகத் தூக்கத்தையும், இணைப்பாட நடவடிக்கைக்காகச் சாப்பாட்டையும் தியாகம் செய்வது பெருமை என்று நினைக்கும் வயது நம்முடையது. காயத்தோடு ஆடியவரைக் கைதட்டுகிறோம். சூ இழந்த கால் அந்தக் கைதட்டலுக்கு ஓர் எச்சரிக்கை. வேலையை நேசித்ததற்காக அவரை மதிக்கலாம். புண்ணைப் புறக்கணித்ததற்காக அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை. சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு பரவலாக இருக்கிறது. நம் வீடுகளிலும் மருத்துவரைப் பார்க்க இப்போது நேரமில்லை என்று சொல்லும் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லலாம்.

இன்னொரு பாடம் நம்பிக்கையைப் பற்றியது. உள்ளூர்க்காரரிடம் திறமை இருந்தால் அதை முதலில் காண வேண்டியவர்கள் நாம்தான். சூவைப் பொறுத்தவரை ஜகார்த்தாவும் கோலாலம்பூரும் கண்டதைச் சிங்கப்பூர் விட்டுவிட்டுக் கண்டது. வெளியிலிருந்து வருபவர்களிடம் கற்கக் கூடாது என்பது இதன் பொருள் அல்ல. சூவே வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளராக இருந்தவர்தானே! ஜப்பானும் 1960இல் ஜெர்மனியின் டெட்மார் கிராமரை அழைத்துக் கற்றுக்கொண்டு, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது. கற்றதோடு நிற்காமல் சொந்தப் பயிற்றுவிப்பாளர்களை வளர்த்தது. இன்று அவர்களை வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. 2019 முதல் 2025 வரை சிங்கப்பூர் அணிக்கு அடுத்தடுத்துப் பொறுப்பேற்ற தட்சுமா யோஷிடா, தகாயுகி நிஷிகாயா, சுடோமு ஒகுரா மூவரும் ஜப்பானியர்களே.

ஒகுராவுக்குப் பிறகு அணி கெவின் லீ என்ற உள்ளூர் இளைஞரிடம் தற்காலிகமாக ஒப்படைக்கப்பட்டது. 2025 நவம்பரில் அவருடைய அணி ஹாங்காங்கை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று வென்றது. 2027 ஆசியக் கிண்ணத்துக்கு முதன்முறையாகச் சொந்த ஆட்டத்தால் தகுதிபெற்றது சிங்கப்பூர். 1977இல் சூவின் உலகக் கிண்ணக் கனவை ஒரு கோலில் முடித்ததும் ஹாங்காங்தான். அந்தக் கணக்கு தீர 48 ஆண்டுகள் ஆயின.

தேக்காவுக்குப் பக்கத்தில் குதிரைப் பந்தயத் திடலாக இருந்து பின்னர் விளையாட்டுத் திடலான ஃபேரர் பார்க்கில் இப்போது புதிய வீவக வீடுகள் வருகின்றன. ஜாலான் புசார் அரங்கம் புதுப்பிக்கப்பட்டு இன்னும் இயங்குகிறது. அடுத்த முறை அங்கு ஓர் ஆட்டம் பார்க்கப் போனால், கோல் விழும்போது களத்தை மட்டும் பார்க்காதீர்கள். கோட்டுக்கு வெளியே, மாற்று ஆட்டக்காரர்களின் இருக்கைக்கு முன்னால், கத்திக்கொண்டு நிற்பவரையும் ஒருமுறை பாருங்கள். ஒரு காலத்தில் அங்கு நின்றவரை மூன்று நாடுகள் தேடி வந்தன.